டீம் பில்டிங் கட்டாயம்னு சொல்றாங்க, ஆட்டிசம் இருக்கிற நான் போகாம இருக்க முடியுமா?

தம்பி, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். மேலாக்க பாத்தா கேள்வி சிம்பிள்தான். மதுரையில இருந்து தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து ஒன்றரை வருஷம் ஆகுது, உம்ஷ்லாங்கா பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனில வேல, ஊர விட்டு கெளம்புறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் 26 வயசுல ஆட்டிசம்னு டயக்னோஸ் ஆச்சு, ஆபீஸ்ல யாருக்கும் சொல்லல, அடுத்த மாசம் டிராக்கன்ஸ்பெர்க் மலைப் பக்கம் ரெண்டு நாள் டீம் பில்டிங், ரூம ஷேர் பண்ணணும், டிரம் செஷன் இருக்கு, எல்லாரும் கட்டாயம் வரணும்னு மெயில் வந்திருக்கு, போகாம இருக்க முடியுமா. ஆனா கடைசி வரில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, போன வருஷம் ஆபீஸ் பிராய்ல, அதான் கறி சுட்டுத் திங்கிற பார்ட்டில, நாப்பது நிமிஷம் டாய்லெட் கதவச் சாத்திக்கிட்டு நின்னேன், அதுக்கப்புறம் அப்ரைசல்ல 'டீம் பிளேயர் இல்ல'ன்னு எழுதிட்டாங்கன்னு, உண்மையான கேள்வி அங்கதான் இருக்குன்னு எனக்குத் தோணுது. போனா உடம்பும் மனசும் தாங்காது, போகலன்னா பேர் கெட்டு வேலைக்கே வெனையாகும், இந்த ரெண்டுக்கும் நடுவுல நடந்து போக ஒரு வரப்பு இருக்கா? இருக்கு. குறுகலான வரப்புதான், ஆனா இருக்கு.

நான் யாருன்னு சொல்லிடறேன். பாளையங்கோட்டைக்காரி, கல்யாணமாகி டர்பன் வந்து 19 வருஷம், யூனிசாங்கிற யூனிவர்சிட்டில தபால் வழியா ஹெச்ஆர் படிச்சு, 16 வருஷமா அதே வேல. டாக்டர் இல்ல, சைக்காலஜிஸ்ட் இல்ல, வக்கீலும் இல்ல. ஆட்டிசம்னு தெரிஞ்சே நான் கூட உக்காந்து பேசி ஏற்பாடு பண்ணிக் குடுத்தது ஒரு ஒம்பது பத்து பேருக்கு இருக்கும், அவங்களுக்கு ஒத்து வந்தது உங்களுக்கும் ஒத்து வரணும்னு இல்ல. ஆனா ஒரு விஷயத்துல எனக்கு அனுபவம் ஜாஸ்தி, இந்த டீம் பில்டிங் கூத்த ஏற்பாடு பண்ற ஆளே நான்தான். முப்பது தடவைக்கு மேல இருக்கும், பொய்கின்னு இரும்புச் சட்டில சமைக்கிற போட்டி, ட்ரெஷர் ஹன்ட், எஸ்கேப் ரூம், டிரம், எல்லாம். அதனால அடுப்படிக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும்.

முதல்ல நான் பண்ண தப்ப சொல்லிடறேன், அப்பத்தான் மத்தது புரியும். 2013 வாக்குல, அப்ப நான் வேல பாத்த கம்பெனிக்கு மிட்லேண்ட்ஸ்ல ஒரு பண்ண வீட்டுல டிரம் செஷன் வச்சேன். தகரக் கூரை போட்ட ஹால், அறுபது பேரு, ஆளுக்கு ஒரு ஜெம்பே மேளம். பத்து நிமிஷத்துல அக்கவுண்ட்ஸ்ல இருந்த ஒரு பையன் எழுந்து வெளிய போயிட்டான். தேடிப் போனா, பார்க்கிங்ல நின்ன கோம்பி வேனுக்குள்ள நடு சீட்ல உக்காந்திருக்கான், சீட் பெல்ட் மாட்டியிருக்கான். வண்டி நிக்குது, டிரைவர் இல்ல, சீட் பெல்ட் மட்டும் இறுக்கமா மாட்டியிருக்கான். நான் கண்ணாடியத் தட்டி, சிரிச்சுக்கிட்டே, வா வா எல்லாரும் உன்னத்தான் கேக்குறாங்கன்னு கையப் பிடிச்சு இழுக்காத கொறையா உள்ள கூட்டிட்டுப் போனேன், நொழஞ்சதும் எல்லாரும் கைதட்டுனாங்க வேற. நல்லது பண்ணிட்டோம்னு நெனச்சேன். திங்கக்கிழம அவன் லீவு, செவ்வாயும் லீவு, புதன்கிழம எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. எத்தன மணிக்கு ஆரம்பிச்சு எத்தன மணிக்கு முடியும், எவ்வளவு சத்தம் இருக்கும், நடுவுல எங்க போய் உக்காரலாம், இந்த மூணும் முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் எழுந்து வந்திருக்க மாட்டேன். அவ்வளவுதான் மெயில். அவனுக்கு ஆட்டிசம்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும். இப்ப நான் சொல்லப் போறது பெரும்பாலும் அந்த மெயில்ல இருந்து கத்துக்கிட்டதுதான்.

சரி, 'கட்டாயம்'. அந்த வார்த்தைய டைப் பண்றவங்கள்ல நானும் ஒருத்தி. பாதி நேரம் அது தலைக்கணக்குக்காக. ரிசார்ட்காரன் அட்வான்ஸ் வாங்கிட்டு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ஃபைனல் நம்பர் கேப்பான், அப்ப பதினஞ்சு பேரு பாட்டிக்கு உடம்பு சரியில்லன்னு கழண்டுக்கிட்டா காசு போச்சு, அதனால கட்டாயம்னு போட்டுடறது. அதுக்காக சொல்லாம கொள்ளாம போகாம இருந்துடாதீங்க. வேல நேரத்துல, வேலையோட பாகமா, நியாயமான ஒரு விஷயத்துக்கு வரச் சொல்றது நிர்வாகம் போடக்கூடிய உத்தரவுதான், காரணமே சொல்லாம மறுத்தா அத கீழ்ப்படியாமைன்னு எழுத இங்க வழி இருக்கு. பிரான்ஸ்ல 2022 நவம்பர்ல அங்கத்த உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ஆபீஸ் குடி கும்மாளத்துல கலந்துக்கலன்னு ஒருத்தர வேலைய விட்டுத் தூக்குனது செல்லாதுன்னு. நல்ல தீர்ப்புதான், ஆனா அது பிரான்ஸ் தம்பி, இங்க சிசிஎம்ஏல, அதான் வேலைத் தகராறத் தீத்து வைக்கிற அமைப்பு, அதக் காட்டுனா டீ குடுத்து அனுப்பிடுவாங்க. வேல நேரம் தாண்டுனா கத கொஞ்சம் வேற, சாதாரண வேல நேரம் வாரத்துக்கு 45 மணி, ஓவர்டைம் சம்மதத்தோடதான்னு 1997ம் வருஷ வேலை நிபந்தனைச் சட்டம் சொல்லுது, ஆனா அந்த நேரக் கணக்கு விதி ஒரு சம்பள வரம்புக்குக் கீழ வாங்குறவங்களுக்குத்தான், சாஃப்ட்வேர்காரங்க பெரும்பாலும் அதுக்கு மேல. உங்க காண்ட்ராக்ட எடுத்து ஒரு தடவ படிங்க.

இனி உறுதியா தெரிஞ்சது. 1998ம் வருஷத்து 55ம் நம்பர் சட்டம், எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி ஆக்ட், அதோட 6ம் பிரிவு இயலாமையக் காரணமா வச்சு ஊழியர் யாரையும் நியாயமில்லாம பாரபட்சமா நடத்தக் கூடாதுன்னு சொல்லுது. விசால வந்த நீங்களும் அதுல சேத்தி. தகராறுன்னா ஆறு மாசத்துக்குள்ள சிசிஎம்ஏக்குக் கொண்டு போகணும், ஃபீஸ் கெடையாது. ஆனா இங்க ஒரு முடிச்சு இருக்கு, நெறைய பேரு இதச் சொல்லாம விட்டுடுவாங்க. 'ரீசனபிள் அக்காமடேஷன்'னு சொல்றாங்களே, உங்களுக்குத் தோதா வேலையிடத்தக் கொஞ்சம் மாத்திக் குடுக்கிறது, அது அந்தச் சட்டத்துல 'டெசிக்னேட்டட் குரூப்', அதாவது சட்டம் தனியாக் குறிச்சு வச்சிருக்கிற பிரிவினர், அந்த வட்டத்துக்குள்ள எழுதியிருக்கு, அந்த வட்டம் தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கானது. அதனால அந்தப் பகுதி உங்களுக்கு நேரா கைகொடுக்குமா, இல்ல 6ம் பிரிவு வழியா சுத்தித்தான் போகணுமாங்கிறது லேபர் வக்கீல் கிட்ட கேக்க வேண்டிய விஷயம், நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நடைமுறைல, காதடைப்பான் போட்டுக்கலாமான்னு கேட்டா பாஸ்போர்ட்ட எடுத்துட்டு வான்னு சொன்ன ஹெச்ஆர நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

அந்தச் சட்டத்துக்குக் கீழ ஒரு நடைமுறைக் கோவை இருக்கு, இயலாமை உள்ளவங்கள வேலைல எப்படி நடத்தணும்னு, முதல்ல 2002ல வந்துச்சு, 2015ல திருத்துனாங்க. நிர்வாகத்தோட கடமை எப்ப ஆரம்பிக்குதுன்னா, ஊழியர் தானா முன்வந்து தன் தேவையச் சொல்லும்போது, இல்ல அது பாத்தாலே தெரியும்போது. ஆட்டிசம் பாத்தாத் தெரியாது. நீங்க டாய்லெட்ல நின்ன நாப்பது நிமிஷம் உங்க மேனேஜர் கண்ணுக்குத் திமிராத்தான் தெரிஞ்சிருக்கும். அதனால ஏதோ ஒண்ண யாருகிட்டயாவது சொல்லித்தான் ஆகணும். ஆனா சொல்ல வேண்டியது தேவைய, அதக் கவனிங்க. சொன்னதுக்குப் பாதுகாப்பும் இருக்கு, உடம்பு பத்தின தகவல் போப்பியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துல தனிப் பாதுகாப்பு உள்ள தகவல், 2021 ஜூலைல இருந்து கம்பெனிங்க அத முழுசா கடைப்பிடிச்சாகணும், ஹெச்ஆர் கிட்ட நீங்க சொன்னத உங்க டீம் லீட் வாட்ஸப் குரூப்ல போட முடியாது.

அப்ப ஆட்டிசம்னு பேரச் சொல்றதா வேணாமா? இங்க இருந்து என் அபிப்பிராயம், சட்டம் இல்ல. நடுவழி ஒண்ணு இருக்கு, உங்க சைக்காலஜிஸ்ட் கிட்ட அரைப்பக்க லெட்டர் வாங்குங்க, அதுல ஆட்டிசம்ங்கிற பேரு வேணாம், நீண்ட நாளா இருக்கிற ஒரு நிலை காரணமா அதிக சத்தமும் நெரிசலும் தொடர்ந்து தாங்க முடியாது, தனி அறையும் நடுநடுவுல ஒதுங்கி இருக்க நேரமும் தேவைன்னு இருந்தாப் போதும். ரெண்டு நாள் டிரிப்புக்கு இதுவே தாராளம். முழுசா சொன்னவங்கள்ல எனக்குத் தெரிஞ்ச மூணு பேர்ல ரெண்டு பேருக்கு அதுக்கப்புறம் வாழ்க்கையே லேசாச்சு, மூணாவது ஆளோட மேனேஜர், நல்ல மனுஷன்தான், மறுநாள்ல இருந்து அவர் கிட்ட காது கேக்காதவர் கிட்ட பேசுற மாதிரி சத்தமா மெதுவா பேச ஆரம்பிச்சுட்டாரு. சிரிப்பு வரும், அனுபவிச்சவங்களுக்கு வராது. அதே சமயம் மொட்டையா எழுதுன லெட்டருக்கு ஒரு பலவீனமும் இருக்கு, நாளைக்கு தகராறுன்னு வந்தா எங்களுக்கு முழுசா தெரியாதேன்னு கம்பெனி சொல்லலாம். அப்ரைசல் விவகாரம் பெருசாகும்னு தோணுச்சுன்னா அப்ப ஹெச்ஆர் கிட்ட மட்டும் எழுத்துல முழுசா சொல்றது நல்லது. மேனேஜர் எப்படிப்பட்ட ஆளுன்னு உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது.

டீம் பில்டிங் நெஜமாவே பலன் குடுக்குதான்னும் கேட்டிருந்தீங்க, கொஞ்சம் கோவமா. 2009ல ஒரு தொகுப்பாய்வு வந்துச்சு, அதுவரைக்கும் நடந்த பல ஆய்வுகளச் சேத்துப் பாத்தது. பலன் இருக்கு, மிதமா இருக்குன்னு சொன்னாங்க. அவங்க டீம் பில்டிங்க நாலா பிரிச்சுப் பாத்தாங்க, இலக்கு வைக்கிறது, யாருக்கு எந்த வேலன்னு தெளிவு பண்றது, பிரச்சினைய சேந்து தீக்குறது, ஆளுக்கு ஆள் ஒறவ வளக்குறது. அதிகமா எடுபட்டது முதல் ரெண்டும்தான். என்ன பண்ணப் போறோம், இதுல நீ எதப் பாத்துக்கணும். ஆட்டிசம் இருக்கிறவங்க ஆயுசு பூரா கேக்குறதும் இதத்தானே! அப்புறம் 2012ல டேமியன் மில்டன்னு ஒருத்தரு, அவருக்கே ஆட்டிசம் உண்டு, 'இரட்டைப் பரிவுச் சிக்கல்'னு ஒண்ணு எழுதுனாரு, புரியாமை ஒரு பக்கம் மட்டும் இல்ல, அவங்களுக்கும் உங்களப் புரியலன்னு. அத வச்சு 2020ல ஒரு ஆய்வு, எட்டு எட்டு பேரு வரிசையா ஒருத்தருக்கு ஒருத்தர் ஒரு கதையக் கடத்தணும், ஆட்டிசம் உள்ளவங்க மட்டும் இருந்த வரிசை மத்தவங்க வரிசைக்குக் கொஞ்சமும் கொறையல, கலந்த வரிசைலதான் கத தேஞ்சுச்சுன்னு வந்துச்சு. 2025ல அதையே இன்னும் பெருசா பண்ணப்போ கலந்த வரிசையும் நல்லாத்தான் பண்ணுச்சு. அதனால ரெண்டாவது பாதிய நான் இப்பல்லாம் யார்கிட்டயும் சொல்றதில்ல. முதல் பாதி நிக்குது, உங்களுக்கு அது போதும்னு நெனக்கிறேன்.

இப்ப வழிக்கு வர்றேன். நம்ம ஊர் கல்யாண வீட்ட நெனச்சுப் பாருங்க. மண்டபம் பூரா மேளச் சத்தம், புடவைச் சரசரப்பு, எவன் எவனோ கன்னத்தக் கிள்ளுறான். ஒரு மூலைல ஒரு மேசை, மேல நோட்டு, பக்கத்துல மஞ்சப் பை, கண்ணாடி போட்ட ஒரு சித்தப்பா மொய் எழுதிக்கிட்டு இருப்பாரு. அவரு யாரையும் தேடிப் போய் பேச வேண்டாம், எல்லாரும் அவர் கிட்ட வருவாங்க, பேரு, ஊரு, எவ்வளவு, அவ்வளவுதான் பேச்சு, அடுத்த ஆளு வந்துடுவான். பந்தி முடிஞ்சதும் கணக்கக் கூட்டி ஒப்படைச்சுட்டு கெளம்பிடுவாரு. அவரு கல்யாணத்துல கலந்துக்கலன்னு யாராவது சொல்வாங்களா? அந்தச் சித்தப்பாக்கள்ல எத்தன பேரு உங்கள மாதிரியோன்னு நான் இப்பல்லாம் நெனச்சுப் பாப்பேன். உங்களுக்கு டிராக்கன்ஸ்பெர்க்ல வேண்டியது ஒரு மொய் மேசை.

பொய்கி போட்டி இருந்தா தணல் பாக்குற வேலைய முதல் ஆளா கேட்டு வாங்கிக்குங்க. அந்த மூணு கால் இரும்புச் சட்டில கறி, காய், உருளன்னு அடுக்கடுக்கா போட்டு மூடிட்டா அதுக்கப்புறம் கிளறக் கூடாது, ரெண்டு மூணு மணி நேரம் கரியத் தள்ளுறதும் இழுக்குறதும்தான் வேல, ஒரு ஆளு அடுப்புப் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தே இருக்கணும், யாரும் அவன ஏன் தனியா உக்காந்திருக்கன்னு கேக்க மாட்டாங்க, பீர் பாட்டிலோட வர்றவன் கூட சட்டியப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுவான். புகை ஒத்துக்காதுன்னா காய் வெட்டுற வேல. விளையாட்டுன்னா ஸ்கோர் எழுதுறது, டைம் பாக்குறது. ஃபோட்டோ எடுக்குறத நெறைய பேரு சொல்வாங்க, நான் சொல்ல மாட்டேன், ஏன்னா பத்தாவது நிமிஷத்துல எல்லாரும் என்ன எடு என்ன எடுன்னு வந்து நிப்பாங்க. ஒரு தடவ ஜூலை 18, மண்டேலா டே, 67 நிமிஷம் சேவை பண்ணணும்னு இங்க எல்லா கம்பெனியும் பண்ணுமே, அவரு 67 வருஷம் பொது வாழ்க்கைல இருந்ததுக்காக, அன்னிக்கு கிரஷ்ல, அதான் குழந்தைங்க காப்பகத்துல, இருக்கிற பிள்ளைங்களுக்கு சாண்ட்விச் போட்டோம். எந்த ஃபங்ஷனுக்கும் வாயத் தொறக்காத ஒரு பொண்ணு, ரொட்டிய எட்டு வரிசையா அடுக்கி, ஒரு வரிசைக்கு ஒரு ஆளு பீநட் பட்டர், அடுத்த ஆளு ஜாம், அடுத்த ஆளு மூடி வெட்டுறதுன்னு பிரிச்சு விட்டா பாருங்க, நானூறு சாண்ட்விச், அம்பது நிமிஷம். ஏன் முடிஞ்சுச்சு? வேல என்னன்னு தெரியும், எப்ப முடியும்னு பேர்லயே இருக்கு.

அந்த வேலைய முன்னாடியே கேக்கணும், அங்க போய் நின்னுக்கிட்டு கேட்டா கெடைக்காது. ஃபைனல் நம்பர் போறதுக்கு முன்னாடி, அதாவது ரெண்டு வாரம் இருக்கும்போதே ஒரு மெயில் போடுங்க, மேனேஜருக்கு இல்ல, டிரிப்ப யாரு ஏற்பாடு பண்றாங்களோ அவங்களுக்கு, ஹெச்ஆர சிசில வச்சு. பெரும்பாலும் அது அட்மின்ல இருக்கிற ஒரு அக்காவா இருக்கும், நம்மாளுங்க ஜாஸ்தியா இருக்கிற சாட்ஸ்வர்த்லயோ ஃபீனிக்ஸ்லயோ இருந்து வர்றவங்க, அவங்க மனசு வச்சா நடக்காதது ஒண்ணும் இல்ல. நாலு வரிக்கு மேல எழுதாதீங்க. இந்த மாதிரி இங்கிலீஷ்ல போடுங்க: 'டிரிப்புக்கு வர்றேன். எனக்கு சத்தமும் நெரிசலும் ஒத்துக்காத ஒரு மருத்துவக் காரணம் இருக்கு, லெட்டர் ஹெச்ஆர் கிட்ட குடுத்திருக்கேன். தனி ரூம் வேணும், கூடுதல் செலவ நான் குடுக்கத் தயார். நேரத்தோட இருக்கிற முழு நிகழ்ச்சி நிரல் அனுப்புங்க, பொய்கிக்கு தணல் பாக்குற வேலைய நான் எடுத்துக்கறேன், டிரம் செஷன்ல கதவுகிட்ட உக்காந்துக்கறேன்.' முதல் வார்த்தையே வர்றேன்னு இருக்கிறத கவனிச்சீங்களா, படிக்கிறவங்களுக்கு அங்கயே மூச்சு வந்துடும், மீதிக்கெல்லாம் தலையாட்டிடுவாங்க. மன்னிப்பு கேக்காதீங்க, உங்க பால்யம் பூரா எழுதாதீங்க. இதுல எதாவது ஒண்ணுதான் கெடைக்கும்னா தனி ரூம விட்டுடாதீங்க. பகல்ல எவ்வளவு தேஞ்சாலும் ராத்திரி எட்டு மணி நேரம் யாரும் இல்லாத கதவு ஒண்ணு இருந்தா மறுநாள் ஓட்டிடலாம், அடுத்த கட்டில்ல ஒருத்தன் ஃபோன் பாத்து சிரிச்சுக்கிட்டு இருந்தா முடியாது. வெளிய இருந்து நிகழ்ச்சிய நடத்த ஃபெசிலிட்டேட்டர் வர்றாருன்னா, யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நடுவுல நிறுத்த வேணாம்னு ஹெச்ஆர் அவர் கிட்ட ஒரு வார்த்த சொல்லிடச் சொல்லுங்க. யாரையும்னு சொல்லச் சொல்லுங்க, உங்க பேர வேணாம்.

டிரம்முக்கு வருவோம். கிளிக்ஸ், டிஸ்கெம் மாதிரி மருந்துக்கடைல நுரை காதடைப்பான் கெடைக்கும், வீட்டுல ரெண்டு மூணு தடவ போட்டுப் பழகிக்குங்க, சரியா உருட்டி உள்ள வைக்கலன்னா பாதி சத்தம் உள்ள வந்துடும். யாராவது ஏன்னு கேட்டா வேலையிடச் சத்த வரம்பு 85 டெசிபல், இது அதுக்கு மேல போகுதுன்னு சொல்லுங்க. அந்த 85ங்கிறது எட்டு மணி நேரக் கணக்கு, ஆனா அந்த எண்ணக் கேட்டதும் ஹெச்ஆர்காரங்க பயந்துடுவோம், ரகசியத்தச் சொல்லிட்டேன். செஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹால ஒரு சுத்து பாத்துட்டு, கதவு எங்க, வெளிய உக்கார இடம் எங்கன்னு குறிச்சுக்குங்க.

இத கொஞ்சம் அழுத்திச் சொல்றேன்: இடைவேளைய கடிகாரத்தப் பாத்து எடுங்க, தோணும்போது எடுக்காதீங்க. ஆட்டிசம் இருக்கிற நெறைய பேருக்கு உடம்பு குடுக்கிற சிக்னல், பசி, தாகம், படபடப்பு, லேட்டாத்தான் எட்டும், எட்டும்போது தலைக்கு மேல வெள்ளம் போயிருக்கும். நீங்க டாய்லெட்டுக்குப் போனது அப்படித்தான் இருந்திருக்கும், நல்லாத்தான் இருக்கேன் நல்லாத்தான் இருக்கேன்னு ரெண்டு மணி நேரம் நின்னுட்டு, சத்தம் திடீர்னு கத்தி மாதிரி ஆகி, பேச வாய் வராம. எல்லாருக்கும் இப்படியான்னா இல்ல, ஆனா உங்க கதையப் படிச்சா அப்படித் தோணுது. அதனால ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஃபோன் வைப்ரேட் ஆகட்டும், நல்லா இருந்தாலும் எழுந்து பத்து நிமிஷம் நடங்க. மலையப் பாக்க வந்த ஊருல ஒருத்தன் மலையப் பாத்துக்கிட்டு நின்னா யாரு கேக்கப் போறா. போகும்போது ஒரு வார்த்த, 'பேக் இன் டென்'. சொல்லிட்டுப் போற பத்து நிமிஷத்துக்கும் சொல்லாம போற பத்து நிமிஷத்துக்கும் மேனேஜர் கணக்குல பெரிய வித்தியாசம் இருக்கு, என் பழைய கணக்குலயும் இருந்துச்சு.

ஐஸ்பிரேக்கர் கண்டிப்பா இருக்கும், ரெண்டு உண்மை ஒரு பொய் சொல்லு, உன்னப் பத்தி வேடிக்கையா ஒண்ணு சொல்லுன்னு. முன்னாடியே எழுதி ஃபோன்ல வச்சுக்குங்க, சொந்த விஷயம் எதுவும் வேணாம், நான் ஜிகர்தண்டா கெடைக்கிற ஊருல பொறந்தவன்னு ஆரம்பிச்சா அது என்னன்னு கேட்டே நேரம் ஓடிடும். சாப்பாட்டுல, நீங்க சைவம்னு எழுதல, இருந்தாலும் பிராய்ல பூர்வோஸ் சாசேஜ் வாடையும் கொழுப்பு எரியிற வாடையும் குமட்டும்னா வேற தட்டு கேக்கலாம், இந்த ஊர்ல சைவத்துக்கும் ஹலாலுக்கும் தனி அடுப்பு கேக்குறது சாதாரணம். பையில கொஞ்சம் முறுக்கு போட்டுக்குங்க, முர்கூன்னு சொன்னா எல்லாரும் கை நீட்டுவாங்க, அது ஒரு நல்ல பேச்சு. ராத்திரி டான்ஸ் இருந்தா உஷாரா இருங்க. இங்க 1860ல இருந்து இந்தியாவுல கப்பலேறி வந்தவங்களோட அஞ்சாவது ஆறாவது தலைமுறை, பாதி பேருக்கு தமிழ் பேச வராது, ஆனா தமிழ்ப் பாட்டு போட்டா உசுரு, ஊருல இருந்து வந்த பையன் நீ ஆடாம வேற யாரு ஆடுறதுன்னு பாசத்துல கையப் பிடிச்சு இழுப்பாங்க. பாசம்தான், தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா முதல் பாட்டு முடிஞ்சதும் குட் நைட் சொல்லிட்டு கெளம்புறது உத்தமம். கடைசி வரைக்கும் இருந்தது யாருன்னு காலைல யாருக்கும் ஞாபகம் இருக்காது, வந்தது யாருன்னு இருக்கும்.

போக வர சொந்தக் கார்ல போக முடிஞ்சா அதுதான் பெரிய விடுதலை, டர்பன்ல இருந்து என்3 ஹைவே புடிச்சா ரெண்டரை மூணு மணி நேரம். பஸ்ஸுன்னா டிரைவருக்குப் பின்னாடி முதல் சீட், வாந்தி வரும்னு சொல்லிடுங்க, பின்னாடி பாட்டும் ஆட்டமும் ஓடும்.

அப்ரைசல் விஷயம். 'டீம் பிளேயர் இல்ல'ங்கிறது ஒரு அபிப்பிராயம், அளவுகோல் இல்ல. மேனேஜர் கிட்ட எழுத்துல கேளுங்க: எந்த வேலைல, எந்த தேதில, நான் என்ன பண்ணியிருக்கணும்னு எதிர்பாத்தீங்க, இது என் வேல விவரத்துல எந்தப் பாயிண்ட்ல வருதுன்னு. சண்ட போடுற தொனி வேணாம், தெரிஞ்சுக்கிட்டு சரி பண்ணிக்கணும்னு கேக்குறேன்னு எழுதுங்க. பதில்ல பிராய் மட்டும்தான் வந்துச்சுன்னா, ஒரு சமூக நிகழ்ச்சிய வச்சு வேலைத் திறமைய எடை போட்டிருக்காங்கன்னு எழுத்துலயே ஆயிடும், அந்தத் தாள பத்திரமா வச்சுக்குங்க. கோடு ரிவியூல நீங்க யாருக்கு உதவி பண்ணீங்க, புதுசா சேந்த பொண்ணுக்கு டாக்குமென்ட் எழுதிக் குடுத்தேன்னு சொன்னீங்களே, அதெல்லாம் டீம் வேல இல்லாம வேற என்ன? தேதியோட ஒரு பக்கத்துல எழுதி அடுத்த அப்ரைசலுக்கு நீங்களே கொண்டு போங்க. நானா இருந்தா அதுக்கு முன்னாடி ஹெச்ஆர் கிட்டயும் ஒரு காப்பி குடுத்திருப்பேன். மனசு ரொம்ப இறங்கிப் போற மாதிரி இருந்தா, தூக்கம் போயி, காலைல எழுந்தா ஆபீஸ நெனச்சாலே கண்ணு கலங்குற அளவுக்கு, அப்ப எங்கிட்ட கேக்காதீங்க, உங்க சைக்காலஜிஸ்ட் கிட்ட போங்க, அது டீம் பில்டிங் பிரச்சினை இல்ல.

திரும்பி வந்த மறுநாளுக்கு இப்பவே லீவு போட்டு வைங்க. வந்து பாத்துக்கலாம்னு விட்டா, திங்கக்கிழம காலைல பத்து மணிக்கு ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல உக்காந்து பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பீங்க, அதையும் யாராவது முகம் சரியில்லன்னு குறிச்சு வைப்பாங்க. அன்னிக்கு ஃபோன ஆஃப் பண்ணிட்டு, திரைய மூடிட்டு, சோறு ரசம் வச்சு சாப்பிட்டு படுங்க. செவ்வாய்க்கிழம ஆபீஸ்ல எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க, பொய்கி நல்லா வந்துச்சுன்னு சொல்லுங்க, அவங்களும் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க.